மாட்டுக்கும் ஆட்டுக்கும் கணக்கு வைக்கும் துணைவிதி: ஊர் கூடி எதிர்ப்பது எப்படி?

காங்கேயம் வட்டாரத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வரக்கூடாது என்று கேட்டிருப்பதால் அடையாளங்களை மாற்றிவிட்டேன். விஷயத்தை மாற்றவில்லை.

அவர் குடும்பத்துக்கு ஏழு ஏக்கர். கிணற்றுப் பாசனம் இரண்டு ஏக்கர், மீதி கொறங்காடு, அதாவது வேலி அடைத்த மேய்ச்சல் நிலம். ஐந்து மாடு, முப்பது செம்மறி. காலையும் மாலையும் பால் சங்கத்துக்கு ஊற்றுகிறார். அந்தப் பணத்தில்தான் வீட்டுச் செலவு நடக்கிறது. அவர்கள் ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு சேர்த்தாகிவிட்டது. இப்போது நகராட்சி ஒரு வரைவுத் துணைவிதியை, அதாவது சட்டத்தின் கீழ் தன் எல்லைக்குள் தானே போடும் விதியின் வரைவை வெளியிட்டு, முப்பது நாளுக்குள் ஆட்சேபணை சொல்லலாம் என்று அறிவித்திருக்கிறது. ஒரு வீட்டில் இரண்டு மாடு, ஐந்து ஆட்டுக்கு மேல் வைத்திருந்தால் ஆண்டுதோறும் உரிமம் வாங்க வேண்டும், தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்ட வேண்டும். குப்பைக்குழியும் தீவனத்தட்டுப் போரும் வீடுகளிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சாலையிலோ புறம்போக்கிலோ மேயும் கால்நடையைப் பிடித்து அடைப்பார்கள், மூன்று நாளில் மீட்காவிட்டால் ஏலம். நகராட்சிச் சந்தைக்கு வெளியே ஆடு மாடு விற்கக்கூடாது. வரைவின் சாரம் இதுதான்.

அவர் கேட்பதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "நாலு ஊர்த் தோட்டத்துக்காரங்க எல்லாம் கோயில் மண்டபத்துல கூடிப் பேசினோமுங்க. ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. என்ற கொழுந்தனார் சங்கம் பதிவு பண்ணோணும்ங்கிறார். எளவட்டம் எல்லாம் மெயின் ரோட்டுல மாட்டக் கட்டி மறியல் பண்ணலாம்ங்குது. நேரா ஐகோர்ட்டுக்குப் போயி ஸ்டே வாங்கிரலாம்னு ஒருத்தர். பட்டாவுல புஞ்சைன்னுதானே இருக்குது, நகராட்சிக்கு எங்க மேல என்ன அதிகாரம்னு இன்னொருத்தர். எங்களுக்கு இன்னும் வார்டே பிரிக்கல, நாங்க ஓட்டுப் போட்ட கவுன்சிலர் ஒருத்தருங்கூட அங்க இல்லீங்க. எது சரிங்க வக்கீலம்மா?"

அம்மணி, உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது தேதிதான். முப்பது நாளில் பன்னிரண்டு நாள் போய்விட்டது. மண்டபத்தில் பேசியதில் பெரும்பகுதி, விதி அமலுக்கு வந்த பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றியது. விதியே இன்னும் வரவில்லை. உங்கள் கையில் இருப்பது வரைவு. அதைத் திருத்தவோ கைவிடவோ வைக்கும் வாய்ப்பு இப்போது இருப்பதுபோல் பிறகு இருக்காது.

புஞ்சைப் பட்டா பாதுகாப்பு தராது

பட்டாவில் புஞ்சை என்று இருப்பது வருவாய்த்துறையின் நில வகைப்பாடு. நகராட்சி எல்லைக்குள் சுகாதாரம், சாக்கடை, தெரு, கால்நடை ஆகியவற்றை முறைப்படுத்தும் அதிகாரத்தை அது தடுக்காது. ஊராட்சியாக இருந்தவரை 1994-ம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் இருந்தீர்கள். இப்போது 1998-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும், அதன் கீழ் 2023-ல் வந்த விதிகளும் உங்களுக்குப் பொருந்தும். நகர்ப்புறங்களில் விலங்கு, பறவை வளர்ப்பைக் கட்டுப்படுத்தி முறைப்படுத்துவதற்கென்றே 1997-ல் ஒரு தனிச் சட்டமும் வந்திருக்கிறது. உரிமம் என்ற ஏற்பாடு அந்தச் சட்டத்தில் இருப்பதுதான். ஆகவே "எங்களைத் தொட உனக்கு அதிகாரமே இல்லை" என்று மனுவில் எழுதினால், முதல் வரியிலேயே மனு பலமிழந்துவிடும்.

அதிகாரம் உண்டு, அதற்கு எல்லையும் உண்டு. துணைவிதி தாய்ச் சட்டத்தைத் தாண்டக்கூடாது. முறைப்படி வெளியிட்டு, வந்த ஆட்சேபணைகளை உண்மையிலேயே பரிசீலிக்க வேண்டும். அரசியலமைப்பின் 19(1)(ஜி) பிரிவு எந்தத் தொழிலையும் செய்யும் உரிமையைத் தருகிறது. 19(6)-ன் கீழ் அதற்குக் கட்டுப்பாடு விதிக்கலாம், ஆனால் கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும். பிழைப்பு என்பது 21-வது பிரிவு சொல்லும் உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாட்டு மாட்டினங்களைக் காத்து மேம்படுத்துவதை 48-வது பிரிவு அரசின் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. அந்தப் பிரிவை வைத்து நேரடியாக வழக்குப் போட முடியாது. ஆனாலும் காங்கேயம் மாட்டின் சொந்த மண்ணிலேயே வீட்டுக்கு இரண்டு என்று எண்ணிக்கை வைக்கும்போது, அதை எடுத்துக் காட்டுவதில் அர்த்தம் இருக்கிறது.

உங்கள் வழக்கின் உயிர்நாடி என்று நான் நினைப்பது 14-வது பிரிவு. சமமானவர்களைச் சமமாக நடத்த வேண்டும் என்பது அதன் ஒரு பாதி. வேறுபட்ட நிலையில் இருப்பவர்களை ஒரே மாதிரி நடத்துவதும் சமத்துவத்துக்கு எதிரானது என்பது மறுபாதி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மூன்றடிச் சந்தில் நான்கு மாட்டைக் கட்டி, சாணியைச் சாக்கடையில் தள்ளுகிறவரும் நீங்களும் இந்த வரைவுக்கு ஒன்றுதான். கிளுவை வேலி சுற்றிய ஐந்து ஏக்கர் கொறங்காடு எப்படி இருக்கும் என்று வரைவு எழுதியவர் பார்த்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். கொழுக்கட்டைப் புல் பரவி, நடுவே வெள்வேல மரம் நிழல் கொடுக்க, மாடு அவிழ்த்துவிட்டபடி மேய்ந்து, தொட்டியில் தண்ணீர் குடித்து, படலைச் சாத்திவிட்டால் ராத்திரியும் அங்கேயே கிடக்கும். சாணி அந்த மண்ணுக்கே போகிறது. அந்த மாடு எந்தத் தெருவுக்கும் வருவதில்லை, எந்தச் சாக்கடையையும் அடைப்பதில்லை. அதற்கு எதற்காக எண்ணிக்கை வரம்பு? நகராட்சி பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி உங்கள் பகுதிக்குத் திட்ட வரைபடம் இருந்து, உங்கள் நிலம் வேளாண் பயன்பாட்டு மண்டலமாகக் காட்டப்பட்டிருந்தால் அந்த நகலை வாங்கி மனுவோடு இணையுங்கள். ஒரு அரசு ஆவணம் இந்த இடம் வேளாண்மைக்கு என்று சொல்லும்போது, இன்னொன்று அங்கே உழவர் வீட்டு மாட்டை எண்ணிக் கட்டணம் கேட்பது முரண்.

மனுவை எப்படி எழுதுவது

"இந்தத் துணைவிதியை அடியோடு ரத்து செய்ய வேண்டும்" என்று ஒரே வரியில் எழுதி, கீழே முன்னூறு கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி இணைத்த மனுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கையெழுத்துத் தாள்களின் தலைப்பில் எதற்காகக் கையெழுத்து என்று ஒரு வார்த்தை இருக்காது. யார், எந்த ஊர், என்ன வைத்திருக்கிறார் என்பதும் இருக்காது. அலுவலகத்தில் அது ஒரே ஆட்சேபணையாகத்தான் கணக்கில் ஏறும். அடுத்த கோப்புக்கு நகர்ந்துவிடுவார்கள்.

ஆகவே, பொதுவாக ஒரு மனுக் கொடுங்கள், அதோடு வீட்டுக்கு வீடு தனித்தனியாகவும் கொடுங்கள். தனி மனு ஒரு பக்கம் போதும். பெயர், முகவரி, சர்வே எண், எத்தனை உருப்படி, எங்கே கட்டுகிறோம், எங்கே மேய்கிறது, எதிர்வீடு எத்தனை அடி தள்ளி இருக்கிறது, இந்தத் துணைவிதியின் எந்தப் பத்தி எங்களை எப்படிப் பாதிக்கிறது. உங்கள் பால் சங்கப் பாஸ்புத்தகத்தின் நகலை இணையுங்கள். தேதி வாரியாக எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, பட்டுவாடா எவ்வளவு என்று அதில் இருப்பது உங்கள் பிழைப்புக்கான எழுத்துச் சான்று. வாயால் ஆயிரம் சொல்லலாம், அந்த இரண்டு பக்கத்தை மறுக்க யாராலும் முடியாது. கால்நடை மருந்தகத்தில் கோமாரித் தடுப்பூசி போட்ட பதிவு, காதுவில்லை எண், மாட்டுக்கடன் வாங்கியிருந்தால் வங்கிக் கடிதம் ஆகியவையும் உதவும்.

வரைவைப் பத்தி பத்தியாக எதிர்க்க வேண்டும். அப்படிச் செய்யும்போது எல்லாவற்றையும் எதிர்க்காதீர்கள். ராத்திரி நெடுஞ்சாலையில் படுத்துக்கிடக்கும் மாட்டில் மோதி இருசக்கர வாகனக்காரர்கள் சாகிறார்கள். சாலையில் விடக்கூடாது என்ற பத்தியை ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் மூன்று நாளில் ஏலம் என்பது கொடுமை. திருவிழாவுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போன குடும்பம் திரும்பி வருவதற்குள் மாடு கைமாறிவிடும். உரிமையாளருக்கு அறிவிப்பு, போதுமான அவகாசம், அடைத்த இடத்தில் தீனி தண்ணீர், நியாயமான பராமரிப்புத் தொகை என்று மாற்று வாசகமே எழுதிக் கொடுங்கள். அதேபோல் முப்பது மீட்டர் என்பது கடைவீதிக்கும் நெருக்கமான குடியிருப்புக்கும் சரியாக இருக்கலாம். தோட்டத்துக்குள்ளேயே வீடு கட்டித் தனித்தனியாகக் குடியிருக்கிற நம் பகுதியில், மாட்டுக்கொட்டகைக்கு அடுத்த சுவர் பெரும்பாலும் நம் வீட்டுச் சுவர்தான். "பிறர் குடியிருப்பிலிருந்து" என்று இரண்டு வார்த்தை சேர்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கட்டணம் பற்றி ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. வரி வேறு, கட்டணம் வேறு. கட்டணம் என்றால் அதற்கு ஈடாக ஏதாவது சேவையோ மேற்பார்வையோ இருக்க வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று வாங்கி நகராட்சி என்ன செய்யப்போகிறது? தண்ணீர்த் தொட்டியா, கால்நடை ஆம்புலன்ஸா, சாணி எடுக்க வண்டியா? கணக்குக் கேளுங்கள். இந்தத் தொகையை எந்த அடிப்படையில் நிர்ணயித்தார்கள், எல்லைக்குள் எத்தனை கால்நடை இருப்பதாகக் கணக்கெடுத்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி இன்றே மனுப் போடுங்கள். பதிலுக்கு முப்பது நாள் அவகாசம் இருப்பதால் ஆட்சேபணைத் தேதிக்குள் கையில் வராது. ஆனால் கோர்ட் வரை போக நேர்ந்தால் அந்தப் பதில் பேசும்.

மனுவைக் கவுன்சிலரிடமோ கட்சிக்காரரிடமோ கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். நகராட்சி ஆணையர் பெயருக்கு எழுதி, அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பிவிடுங்கள். ஒரு பிரதி மாவட்ட ஆட்சியருக்கு. திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும், மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் பதிவு செய்யுங்கள். விவசாயிகள் கூட்டத்தில் கால்நடைத்துறை அதிகாரியும் இருப்பார் என்பதால், இந்த வரைவுக்கு முன் உங்கள் துறையிடம் கருத்துக் கேட்டார்களா என்று அங்கேயே கேளுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த கால்நடைச் சந்தை விதிகள் ஞாபகம் இருக்கும். சந்தைக்கு வரும் மாடு அறுப்புக்கு இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும், வாங்குகிறவர் விவசாயி என்று காட்ட வேண்டும், ஆறு மாதத்துக்கு மறுபடி விற்கக்கூடாது என்றெல்லாம் இருந்தது. வெளிமாநில வியாபாரிகளை நம்பி நடக்கிற ஈரோடு கருங்கல்பாளையம் சந்தை ஆடிப்போனது. அதன் வரைவு அந்த ஆண்டு ஜனவரியிலேயே ஆட்சேபணைக்கு வெளியாகியிருந்தது. நம் சந்தைகளில் அதைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? மே மாதம் இறுதி விதி வந்த பிறகுதான் ஊரே கொதித்தது. மே 30-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை கொடுத்தது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை நாடு முழுவதற்கும் பொருந்தும் என்றது. விதிகளை மாற்றி மறுபடி வெளியிடுவதாக மத்திய அரசும் அங்கே சொன்னது. நல்ல முடிவுதான். ஆனால் இடைப்பட்ட மாதங்களில் வண்டி வாடகை கொடுத்துச் சந்தைக்கு மாட்டைக் கொண்டுபோய் விற்காமல் திருப்பி ஓட்டி வந்தவருக்கு யார் ஈடு கொடுத்தார்கள்?

கோயில் மண்டபத்துக்கு யார் வரவில்லை

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. "காலனியில ஆடு வெச்சிருக்கறவங்களைக் கூப்பிடலீங்க, அவங்களுக்குத்தான் நிலமே இல்லையே." அம்மணி, இதில் நீங்கள் யோசித்தது தவறு. சட்டம் தெரிந்தவளாகவும் இந்த ஊர்க்காரியாகவும் சொல்கிறேன்.

வரைவை மறுபடி ஒருமுறை படியுங்கள். சாலையோரத்திலும் புறம்போக்கிலும் மேய்க்கக் கூடாது என்ற பத்தி யாரைத் தாக்குகிறது? உங்களுக்குக் கொறங்காடு இருக்கிறது. அவர்களுக்கு மேய்ச்சல் புறம்போக்கும் குளத்துக்கரையும்தான் இருக்கிறது. பத்து வெள்ளாடு வைத்திருக்கும் ஒரு வீட்டுக்கு அதுதான் சேமிப்பு, பிள்ளை படிப்பு, வைத்தியச் செலவு. நகராட்சியோடு சேர்ந்ததால் நூறு நாள் வேலை என்று நாம் சொல்லும் ஊரக வேலையும் அவர்களுக்குப் போகிறது. இந்தத் துணைவிதியால் அதிகம் இழப்பவர்கள் அவர்கள். அதிகம் இழப்பவரை வெளியே நிறுத்திவிட்டு நடத்தும் எதிர்ப்புக்கு நியாயம் எங்கே இருக்கும்? இன்னொரு பக்கம், நாளைக்கு நகராட்சி நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு விலக்குக் கொடுத்து உங்களைச் சமாதானப்படுத்தினால், நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள், அவர்கள் தனியாக நிற்பார்கள். அதற்குப் பெயர் ஊர் ஒற்றுமையா?

ஒரே பாத்தியதை உள்ளவர்களுக்குள்ளேயே நலன்கள் பிரியும் என்பதற்குக் கீழ்பவானி வாய்க்காலைப் பாருங்கள். கான்கிரீட் போடலாமா கூடாதா என்பதில் ஒரே வாய்க்கால் விவசாயிகளே இரண்டு அணியாக நின்றார்கள். கடைமடைக்காரருக்குத் தண்ணீர் வந்து சேர வேண்டும், வாய்க்காலை ஒட்டிய கிணற்றுக்காரருக்குக் கசிவுநீர் வேண்டும். இரண்டு பக்கமும் பிழைப்பைத்தான் பேசியது. அந்தப் பேச்சை முதலிலேயே ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

உங்கள் விஷயத்தில் அப்படி ஒரு பிரிவு வராமல் செய்ய இன்னும் நாள் இருக்கிறது. அடுத்த கூட்டத்தை எல்லோரும் தயக்கமின்றி வரக்கூடிய பொது இடத்தில் வையுங்கள். பள்ளிக்கூட மைதானம், பால் சங்கக் கட்டடம் எதுவானாலும் சரி. ஆடு மேய்ப்பவர்கள், கொறங்காட்டை ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து மேய்ப்பவர்கள், வீட்டில் ஒற்றைக் கறவை வைத்திருக்கும் பெண்கள், சந்தைத் தரகர்கள், இவர்களில் ஆளுக்கு ஒருவராவது பேசும் குழுவில் இருக்கட்டும். மனுவில் மேய்ச்சல் புறம்போக்குக்கென்று தனிப் பத்தி எழுதுங்கள். ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி அவற்றை மக்கள் பயனுக்கு மீட்க வேண்டும் என்று 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. மேய்ச்சல் நிலம் எந்த சர்வே எண்ணில் எவ்வளவு, இப்போது யார் பிடியில் இருக்கிறது என்று விஏஓ கணக்கிலிருந்து எடுத்து அந்தப் பத்தியில் சேருங்கள். அந்த ஆக்கிரமிப்பில் உங்கள் கூட்டத்தாரே சிலர் இருக்கக்கூடும். அப்படி இருந்தால் அதையும் பேசித்தான் ஆக வேண்டும், தள்ளிப்போட வேண்டாம்.

சங்கம் பதிவு

உங்கள் கொழுந்தனார் சொல்வது நல்ல யோசனை, அவசரமில்லாத யோசனை. 1975-ம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். ஆட்சேபணை கொடுக்கப் பதிவு தேவையில்லை. பதிவாகும் வரை காத்திருந்து தேதியை விட்டுவிடாதீர்கள். ஆனால் பின்னால் சங்கத்தின் பெயரில் வழக்குப் போட வேண்டும் என்றால் பதிவில்லாத சங்கத்துக்குத் தகுதிப் பிரச்சினை வரும். இப்போதைக்குக் குழுவாகச் செயல்படுங்கள், ஒரு நோட்டில் வரவு செலவை எழுதுங்கள், பணத்தை ஒரே ஆள் கையில் வைக்காதீர்கள்.

சங்கம் என்ன சாதிக்கும் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நொய்யல் ஆற்று வழக்கைச் சொல்லுங்கள். சாயக்கழிவால் நிலம் கெட்ட ஆற்றுப்பாசன (ஆயக்கட்டு) விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் உயர் நீதிமன்றத்தில் நின்றார்கள். 2006-ல் உத்தரவு வந்தது, அது நிறைவேறவில்லை என்று மறுபடி போனார்கள், 2011 ஜனவரியில் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. தண்ணீர் மாதிரிகள், கணக்குகள், விடாப்பிடி, இவைதான் அவர்களின் பலம்.

சாலை மறியல் பற்றி

இளைஞர்களின் கோபம் புரிகிறது. இந்த மண்ணுக்கு அந்தப் பாரம்பரியமும் உண்டு. நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர்கள் 1972-ல் கோவையை மாட்டு வண்டிகளால் நிறைத்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன், மின்கட்டணத்தில் ஒரு பைசா உயர்வை எதிர்த்த போராட்டத்தில், 1970 ஜூனில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரை விட்டார்கள். அந்த உயிர்களின் மதிப்பு தெரிந்தவர்கள் மறியலை இரண்டாவது வாரத்திலேயே கையில் எடுக்க மாட்டார்கள்.

அமைதியாகக் கூடுவதும் சங்கம் வைப்பதும் 19-வது பிரிவு தரும் உரிமைகள். ஆனால் பொதுச் சாலையை மறித்து உட்காருவதற்கு அந்த உரிமை நீளாது என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. முன்பு 144 என்று சொன்ன தடையுத்தரவு இப்போது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 163-வது பிரிவு. சட்டவிரோதக் கூட்டம், வழிமறிப்பு என்று வழக்குப் போட்டால் முதல் தகவல் அறிக்கையில் ஏறுவது முன்னால் நிற்கும் இருபது வயதுப் பையன்களின் பெயர்தான். பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் போலீஸ் விசாரணை வரும்போது அது தெரியும். அதோடு, வாயில்லா ஜீவனைத் தாரோட்டில் வெயிலில் கட்டி நிறுத்துவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. "சாலையில் மாடு விடுகிறார்கள்" என்ற நகராட்சியின் குற்றச்சாட்டுக்கு நாமே சாட்சி சொன்னதாகவும் ஆகும்.

போலீஸில் எழுத்து மூலம் அனுமதி கேட்டு, ஒரு நாள் ஆர்ப்பாட்டம் நடத்துங்கள். பால் சங்க உறுப்பினர்களும் ஆடு மேய்ப்பவர்களும் ஒன்றாக நகராட்சி அலுவலகம் வரை நடந்து, மனுக்களை வரிசையில் நின்று ஒவ்வொன்றாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் முத்திரை கேளுங்கள். எண்ணூறு தனி மனு ஒரே நாளில் தபால் பிரிவில் ஏறினால், அதை மன்றக் கூட்டத்தில் வைக்காமல் யாராலும் நகர முடியாது. கவுன்சிலர் இல்லாத ஊர் தன் குரலை அந்தக் கூட்டத்துக்குள் கொண்டுபோகும் வழி அது.

ஐகோர்ட் எப்போது

இப்போது போனால் "வரைவுதானே, ஆட்சேபணை சொல்லுங்கள்" என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். தள்ளுபடி ஆனால் "கோர்ட்டே எங்கள் பக்கம்" என்று நகராட்சி பேசும். மத்திய அரசின் வேளாண் சட்டங்களுக்கு 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடை விதித்ததைச் சொல்லி, நமக்கும் கிடைக்கும் என்கிறார் ஸ்டே வாங்கச் சொல்லும் உங்கள் உறவினர். அது அபூர்வமான உத்தரவு. பேச்சுவார்த்தைக்கு வழிவிட என்று சொல்லிக் கொடுத்தது. சாதாரணமாக ஒரு சட்டமோ விதியோ செல்லும் என்ற ஊகத்தில்தான் நீதிமன்றம் தொடங்கும்.

ஆட்சேபணைகளைப் பரிசீலிக்காமல், அல்லது காரணம் சொல்லாமல் இறுதி விதியாக அறிவித்தால், அப்போது அரசியலமைப்பின் 226-வது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. திருப்பூர், ஈரோடு, கோவை மாவட்டத்தார் சென்னைக்குப் போக வேண்டும். பக்கத்தில் கரூர் மாவட்டம் என்றால் மதுரைக் கிளை. பாதிக்கப்பட்ட தனிநபர்கள் மனுதாரராக இருக்கட்டும்: கொறங்காட்டு உரிமையாளர் ஒருவர், நிலமில்லாத ஆட்டுக்காரர் ஒருவர், கறவை வைத்திருக்கும் பெண் ஒருவர். மூன்று விதமான பாதிப்பும் நீதிபதி முன் வரும். வக்கீல் ஃபீஸ் கட்ட முடியாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

ஊராட்சியை நகராட்சியோடு சேர்த்ததே தவறு என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அது வேறு அரசாணை, வேறு காலக்கெடு, வேறு வழக்கு. இந்த மனுவில் அதைக் கலக்காதீர்கள். கலந்தால் இரண்டையும் ஒரே பதிலில் நிராகரிக்க வசதியாகிவிடும்.

கடைசியாக ஒன்று. நீங்கள் அனுப்பிய வரைவு நகலில் நான்காம் பக்கம் இல்லை. அபராதம், உரிமம் ரத்து, மேல்முறையீடு ஆகிய பத்திகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மேல்முறையீட்டுக்கு வழி வைத்திருக்கிறார்களா, யாரிடம், எத்தனை நாளில் என்பதைப் பொறுத்து மனுவின் கடைசிப் பத்தி மாறும். நாளைக் காலையில் நகராட்சி அலுவலகத்துக்குப் போய் முழு நகலை வாங்குங்கள். முகப்பில் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் என்று போட்டிருக்கிறதா, அரசிதழில் வெளியான தேதி என்ன என்பதையும் குறித்துக்கொண்டு எனக்கு அனுப்புங்கள். முப்பது நாளை அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணுகிறார்களா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.